போகும் தூரம், வரும் தூரம்

இங்கிருந்து கடல் தாண்டி அந்த நகரத்துக்குப் போகும் விமானத்துக்கு இரண்டு மணி நாற்பது நிமிடமும், அங்கிருந்து இங்கே வரும் விமானத்துக்கு ஒரு மணி ஐம்பது நிமிடமும் ஆகத் தொடங்கிய ஆண்டில்தான் விமான நிலையக் கேண்டீனில் தேநீர் விலை கூடியது. ஊழியர்கள் முதலில் தேநீரைப் பற்றித்தான் புகார் எழுதிப் போட்டார்கள். அதுவரை போகவும் ஒன்று ஐம்பது, வரவும் ஒன்று ஐம்பது. காற்றைப் பொறுத்து ஐந்து நிமிடம் முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். அது முதன்முதலாக மாறிய புதன்கிழமை விமானத்தை ஓட்டியவர் தலைமை விமானி. எதிர்க்காற்று இல்லை, வேகம் குறையவில்லை, வழி மாறவில்லை, தூரம் அறுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் கூடுதலாக இருந்தது என்று அவர் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். கடல் முடிய வேண்டிய இடத்தில் முடிந்தது; ஆனால் கரை வரவில்லை. அதற்குப் பதில் ஒரு பெரிய தரை ஆரம்பித்தது. மரம் இல்லை, ஊர் இல்லை, மேடு பள்ளம் இல்லை. யாரோ இப்போதுதான் துடைத்துவிட்டுப் போன மாதிரி அது கண்ணுக்கெட்டிய வரை ஈரமாகப் பளபளத்தது. விமானத்தின் நிழல் அதில் முகம் பார்த்துக்கொண்டே போயிற்று. ஜன்னல் ஓரம் உட்கார்ந்தவர்களுக்கு லேசாகப் பினாயில் வாசனை அடித்தது. திரும்பி வரும்போது அந்தத் தரை இல்லை. கடல் வந்தது, கரை வந்தது, ஒன்று ஐம்பதில் சக்கரம் தரையைத் தொட்டது.

இது நடப்பதற்கு முதல் நாளே இரண்டு நாற்பது என்ற எண்ணைத் தெரிந்துவைத்திருந்தவர் உலகத்தில் ஒருவர்தான். விமான நிலையத்தின் மூன்றாவது மாடியில், நகல் எடுக்கும் இயந்திரத்துக்கும் தண்ணீர்ப் பானைக்கும் நடுவே மேசை போட்டிருந்த அவரை எல்லோரும் அட்டவணைக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். எந்த விமானம் எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்குச் சேரும் என்று ஆறு மாதத்துக்கு ஒரு முறை புத்தகமாகப் போடுவது அவருடைய வேலை. சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கட்டையை எடுத்ததிலிருந்து அங்கே போய்க் கட்டை வைக்கும் வரை எத்தனை நிமிடம் என்பதே கணக்கு. பறக்கும் நேரம், ஓடுபாதையில் ஊரும் நேரம், வரிசையில் நிற்கும் நேரம் எல்லாம் கூட்டி, கடைசியில் பத்து நிமிடம் சும்மாவேனும் சேர்த்துப் போடுவார்கள். விமானம் தாமதமாகப் போனாலும் சரியான நேரத்துக்குச் சேர்ந்ததாகப் பெயர் வாங்க அது ஒரு வழி. அந்தப் பத்துக்கு அவருடைய பிரிவில் சாக்கு நிமிடம் என்று பெயர். சாக்கு நிமிடம் சேர்க்காமல் எந்த எண்ணும் அவர் வாயிலிருந்து வந்ததில்லை. மனைவி கடைக்குப் போக எத்தனை நேரமாகும் என்று கேட்டால்கூட நடக்க எட்டு, சாக்கு மூன்று, ஆக பதினொன்று என்பார்.

நிமிடத்தை இப்படிக் கண்ணால் அளக்கும் வித்தை அவருக்குப் பள்ளிக்கூடத்தில் வந்ததல்ல. அப்பா அம்மா போன பிறகு அவரை வளர்த்தது பதினோரு வயது மூத்த அக்கா. அவள் ஒரு மருத்துவமனையில் தரை துடைத்தாள். பள்ளி விட்டதும் தம்பி நேரே அங்கே வந்து நடைவழியின் காய்ந்த பாதியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவான். அக்கா ஈரப் பாதியைத் துடைப்பாள். அது காய்ந்ததும் அவனை நோட்டுப் புத்தகத்தோடு அந்தப் பக்கம் நகர்த்திவிட்டு இந்தப் பக்கத்தைத் துடைப்பாள். கூரையில் காற்றாடி ஓடினால் ஏழு நிமிடம், ஓடாவிட்டால் பன்னிரண்டு, மழைநாளில் இருபது. எட்டு வயதில் தரையைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவான், ஒரு முறையும் தப்பியதில்லை. மருத்துவர்கள் நின்று கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போவார்கள். பின்னால் அக்காவுக்கு அந்த நகரத்து விமான நிலையத்தில் அதே வேலை கிடைத்தது. அங்கே ஒரு தகவல் பலகையில், கடல் தாண்டி ஒரு விமான நிலையத்தில் அட்டவணைப் பிரிவுக்கு ஆள் வேண்டும் என்ற அறிவிப்பைப் பார்த்து, படிவம் வாங்கி, தம்பியின் பெயரைத் தானே எழுத்துக் கூட்டி எழுதி அனுப்பியவளும் அவள்தான். அவர் வேலையில் சேர்ந்தார், கல்யாணம் செய்துகொண்டார், மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டார். அலுவலகத்தில் குடும்பத்தைப் பற்றிக் கேட்டவர்களிடம் விடுதியில் தங்கிப் படித்ததாகச் சொல்லிவைத்தார். மனைவியிடம், அக்கா விமான நிலையத்தில் மேற்பார்வையில் இருக்கிறாள் என்றார். எதை மேற்பார்க்கிறாள் என்று அவள் கேட்கவில்லை.

அந்த நகரத்தில் புதிய முனையம் திறந்தபோது அதைப் பார்த்து வர மேலாளரும் அவரும் இன்னும் இரண்டு பேரும் ஒரு நாள் பயணமாகப் போனார்கள். அக்காவிடம் சொல்லவில்லை. அவளுக்குப் பிற்பகல் வேலை, நாம் மதியத்துக்குள் திரும்பிவிடுவோம் என்று மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டிருந்தார். அக்காவின் வேலைநேரம் அந்த வாரம் மாறியிருந்தது. இறங்கி வரும் நீண்ட நடைவழியின் பாதியில், தரை ஈரம் என்று எழுதிய மஞ்சள் பலகைக்குப் பக்கத்தில், கையில் மாப்போடு அவள் நின்றிருந்தாள். அவரைப் பார்த்ததும் மாப்பு நின்றது. முகம் முழுக்க மலர்ந்து, வாய் "தம்பி" என்பதில் பாதியைச் சொல்லிவிட்டது. மேலாளர் திரும்பிப் பார்த்தார். "என்னய்யா, தெரிஞ்சவங்களா?" என்றார். "இல்ல சார்" என்றார் அட்டவணைக்காரர்.

அதைச் சொல்ல ஒரு நொடிகூட ஆகவில்லை. நேரத்தை அளப்பவர் என்பதால் அவருக்கு அது நிச்சயமாகத் தெரியும். அக்காவின் முகம் மாறவில்லை என்பதும் தெரியும். அவள் தலையைக் குனிந்து மஞ்சள் பலகையைக் கொஞ்சம் நகர்த்தி வழிவிட்டு, "பாத்துப் போங்க சார், தரை ஈரம்" என்றாள். நாலு பேரும் ஈரத்தின் மேல் நடந்து போனார்கள். திருப்பத்தில் அவர் ஒரு முறை திரும்பிப் பார்த்தார். அக்கா அவருடைய காலடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமைதோறும் மதிய உணவு வேளையில் அக்கா போன் செய்வது வழக்கம். அடுத்த செவ்வாயும் செய்தாள். திட்டியிருந்தால் தேவலை. அழுதிருந்தால் இவரும் அழுதிருப்பார். "சாப்டியாடா?" என்றுதான் கேட்டாள், வழக்கமான குரலில். குடிதண்ணீர் சரியாக வருகிறதா, இருமல் நின்றதா என்று கேட்டாள். கடைசியில், "எப்பதான்டா வர்ற? ஒரு நாள் வந்து தலையக் காட்டிட்டுப் போயேன்" என்றாள். அந்த முகத்துக்கு எதிரே போய் நிற்பதை நினைத்ததும் அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. மேசையில் அடுத்த ஆறு மாதத்து அட்டவணையின் கைப்பிரதி விரிந்துகிடந்தது. எண் காகிதத்தில் இருந்தால்தான் அவருக்குக் குரல் தடுமாறாது; அதனால் அந்த வழித்தடத்துக்கு எதிரே பேனாவால் எழுதிக்கொண்டே சொன்னார். "முன்ன மாதிரி இல்லக்கா. இப்பல்லாம் ரெண்டு நாப்பது ஆகுது. ஒரு நாள் லீவுல போயிட்டு வர முடியாது." அக்கா, "அப்படியா? சரி, உடம்பப் பாத்துக்கோ" என்று வைத்துவிட்டாள். மறுநாள் விமானத்துக்கு இரண்டு நாற்பது ஆனது.

தலைமை விமானி மூன்றாவது மாடிக்கே ஏறி வந்து பாராட்டினார். "சார், உங்க கைப்பிரதியில என்ன போட்டிருக்கோ அதே. நிமிஷம் பிசகல. எப்படித் தெரியும்?" அட்டவணைக்காரர் தண்ணீர் குடித்தார். விமானி போன பின் கைப்பிரதியில் அந்த எண்ணை அடித்துவிட்டு ஒன்று ஐம்பது என்று எழுதி அச்சுக்கு அனுப்பினார். புத்தகம் வந்தது, விமானம் இரண்டு நாற்பதே எடுத்தது. புத்தகத்தை நம்பிக் காத்திருந்தவர்கள் சண்டை போட்டார்கள். பணியில் சேர்ந்த நாள் முதல் அவர் வாங்கிய ஒரே குறிப்பாணை அதற்காகத்தான். காகிதத்துக்கு அதில் வேலையே இல்லை என்று அப்போது புரிந்தது. அக்காவிடம் சொன்னதுதான் தூரமாகியிருந்தது.

தெரிந்தும் நிறுத்தவில்லை. அதுதான் அவருக்குப் பின்னாளில் நினைக்க நினைக்கச் சுட்டது. அக்கா கேட்பாள், போக முடியாது என்று சொல்ல வாய் வராது, தூரத்தைக் காட்டித் தப்பிப்பார். மூன்று முப்பது ஆகுதுக்கா என்றார், ஆனது. ஐந்தே காலாம் என்றார், ஆனது. ஏழு, எட்டு இருபது. ஒரு முறை அக்கா, "உனக்குத்தானடா தூரம், எனக்கு ஒண்ணு அம்பதுதானே. நான் வந்துட்டுப் போறேன்" என்றாள். "வேணாம்க்கா, வீட்ல பெயிண்ட் அடிக்கிறாங்க." "போன வருஷமும் அடிச்சாங்களே. அது வீடா, கப்பலாடா?" என்று அக்கா சிரித்தாள். அவரும் சிரித்தார். வைத்த பிறகு கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் கை கழுவினார்.

மக்கள் பழகிக்கொண்டார்கள். போகிறவர்கள் தலையணை எடுத்துப் போனார்கள். விமானத்தில் இரண்டாவது சாப்பாடு கொடுத்தார்கள். மூன்றாவதாக ஒரு ஊர் வழியாகச் சுற்றிப் போய்ப் பார்த்தவர்களுக்கும் அதே நேரம்தான் ஆனது. மாமியார் வீடு அங்கே இருந்தவர்கள் முணுமுணுக்காமல் ஏற்றுக்கொண்டார்கள். பள்ளிக்கூடக் கணக்குப் புத்தகத்தில், ஒருவர் காலை ஆறு மணிக்குப் புறப்பட்டு அங்கே ஒரு மணி நேரம் தங்கித் திரும்பினால் எப்போது வீடு சேர்வார் என்று ஒரு கேள்வி சேர்ந்தது. பிள்ளைகள் ஆச்சரியப்படாமல் விடை எழுதின. ஏழு பேர் கொண்ட குழு ஒன்று அமைத்தார்கள். அவர்கள் கருவிகளோடு பலமுறை போய் வந்து, போகும் தூரமும் வரும் தூரமும் வேறு வேறு, இரண்டையும் தனித்தனியே அச்சிட வேண்டும் என்று நானூறு பக்கத்தில் எழுதினார்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் அனுபவசாலி என்று அட்டவணைக்காரரையும் அழைத்து நாற்காலி போட்டு உட்காரவைத்துக் கேட்டார்கள். "உங்களுக்கு ஏதாவது தோணுதா?" ஏழு ஜோடிக் கண்கள் தன்மேல் இருக்க, அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு, "காத்தா இருக்கும் சார்" என்றார். அதையும் அடிக்குறிப்பாகச் சேர்த்துக்கொண்டார்கள்.

அதற்கிடையில் கைக்குழந்தையோடு போகிறவர்கள், டயாலிசிஸ் நோயாளிகள், ஊன்றுகோலோடு போகிற முதியவர்கள் புறப்பாட்டு வாசலில் வரிசையில் நிற்பதை அவர் தன் ஜன்னலிலிருந்து தினமும் பார்த்தார். எட்டு மணி இருபது நிமிடம். அத்தனை பேரும் தன்னுடைய 'இல்ல சார்' என்ற இரண்டு சொல்லைச் சுமந்துகொண்டு அந்த ஈரத்தரையின் மேல் பறக்கிறார்கள் என்று தோன்றும். ஜன்னலுக்குத் திரை வாங்கி மாட்டினார்.

தூரம் ஒன்பது நாற்பதை எட்டிய பிறகு இரண்டு வருடம் கூடவே இல்லை. நிலைமை சீரடைந்துவிட்டது என்று செய்தித்தாளில் வந்தது. உண்மையில் அக்கா எப்போது வருகிறாய் என்று கேட்பதை நிறுத்தியிருந்தாள். செவ்வாய்தோறும் போன் வரும்; சாப்டியா, தூங்கினியா, சரி வைக்கட்டுமா. அவ்வளவுதான். அவருக்கு முதலில் அப்பாடா என்றிருந்தது. அப்பாடா என்று இருந்ததை நினைத்து வெட்கம் பிறகு வந்தது. அது வந்த பின் போகவில்லை. சட்டைக்குள் போட்ட ஈரப் பனியன் மாதிரி ஒட்டிக்கொண்டே இருந்தது.

ஒரு செவ்வாய் அக்கா வழக்கத்துக்கு மாறாகத் தயங்கினாள். "தம்பி, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டியே?"

"சொல்லுக்கா."

"அடுத்த மாசம் பதினாறாம் தேதியோட எனக்கு வேலை முடியுது. இருபத்தாறு வருஷம். சாயங்காலம் நாலு மணிக்குச் சின்னதா ஒரு கூட்டம் வைக்கிறாங்க. ஒரு போட்டோ எடுப்பாங்க. சொந்தக்காரங்க யாராவது ஒருத்தர் பக்கத்துல நிக்கணுமாம். நான் யாரும் இல்லன்னுதான் சொன்னேன். இல்லம்மா, ஃபாரத்துல ஒரு பேர் எழுதியே ஆகணும்னாங்க. உன் பேர எழுதிட்டேன்." உடனே, "வரலன்னாலும் ஒண்ணும் இல்ல. எழுதணும்னாங்க, அதான்" என்றாள்.

அட்டவணைக்காரரின் கை தானாகப் பேனாவைத் தேடியது. அதை இழுப்பறைக்குள் போட்டு மூடினார். "பாக்கலாம்க்கா" என்றார், எண் எதுவும் சொல்லாமல்.

அந்த வாரம் கேண்டீனில் தலைமை விமானி எதிரே வந்து உட்கார்ந்தார். இதைவிடப் பெரிய விமானம் அந்த ஓடுபாதையில் இறங்காது, இருக்கிற விமானத்தில் எரிபொருளை முட்ட முட்ட நிரப்பித்தான் கிளம்புகிறோம் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். "பதினோரு மணி நேரத்துக்கு மேல ஒரு நிமிஷம் கூடுனாலும் டேங்க் தாங்காது சார். ரூட்டையே மூடிருவாங்க. அப்புறம் அந்த ஊர் ஒண்ணு இருக்குன்னு படத்துல பாத்துக்க வேண்டியதுதான்." அட்டவணைக்காரர் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். இன்னும் ஒரே ஒரு சாக்கு; அதோடு அக்கா இல்லாமல் போய்விடுவாள். நேரே விடுப்புக் கடிதம் எழுதினார். காரணம் என்ற இடத்தில், அக்காவின் பணி நிறைவு என்று எழுதி, அதை மூன்று முறை படித்தார். வீட்டில் மனைவியிடம் அக்கா என்ன வேலை செய்கிறாள் என்பதையும், நடைவழியில் நடந்ததையும் சொன்னார். அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமல் கேட்டாள். "வேலையப் பத்தி எனக்கு எப்பவோ தெரியும். அவங்களே போன்ல சொன்னாங்க, நீங்க குளிக்கப் போயிருந்தப்ப. இன்னொண்ணு தெரியாது" என்றாள். அதற்குப் பிறகு அன்றைக்கு அவரோடு பேசவில்லை.

பதினைந்தாம் தேதி மாலை ஆறு மணிக்கு அக்கா போன் செய்தாள். "நிஜமாவே கிளம்புறியாடா?"

"காலைல அஞ்சரை பிளைட்க்கா. டிக்கெட் கையில இருக்கு."

"அப்ப மூணு பத்துக்கு இங்க இருப்ப. நாலு மணிக்குத்தான் போட்டோ. வந்து முகம் கழுவிக்கலாம்." அக்காவின் குரலில் இருந்த சந்தோஷம் அவருக்குப் பயமாக இருந்தது. அவளை வாசலில் காத்து நிற்க வைத்துவிடக் கூடாதே, ஏதாவது தாமதமானால் ஏமாந்துபோவாளே என்று நினைத்தார். இருபத்தைந்து வருடத் தொழில் நாக்கில் ஏறி உட்கார்ந்தது. "எதுக்கும் பத்து அம்பதுன்னு வச்சுக்கோக்கா" என்றார்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவர் காதில் விழுந்தது. "இல்லக்கா, ஒம்பது நாப்பதுதான். ஒம்பது நாப்பது. சும்மா ஒரு பாதுகாப்புக்குச் சொன்னேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கூட்டிச் சொன்னது பலிக்குமே தவிர, குறைத்துச் சொன்னது பலிக்காது. போகாமலிருக்கச் சொன்ன பொய்யெல்லாம் பலித்த மாதிரியே, போவதற்காகச் சேர்த்த எழுபது நிமிடமும் பலித்துவிடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அக்கா மெதுவாக, "சரி விடு. நாலு இருபது. பரவால்ல, வா" என்றாள்.

விமானத்தில் அவருக்குப் பக்கத்து இருக்கையில் மேலாளர் வந்து உட்கார்ந்தார். அங்கே ஏதோ கூட்டமாம். அவரைக் கண்டதும் அட்டவணைக்காரர் கட்டியிருந்த இருக்கைப் பட்டையை இன்னும் இறுக்கினார். இத்தனை வருடமும் எந்த ஒரு ஆள் முன்னால் அம்பலப்பட்டுவிடக் கூடாதென்று இருந்தாரோ அந்த ஆள் முழங்கை உரச உட்கார்ந்து கடலை மென்றுகொண்டிருந்தார். முதல் சாப்பாடு முடிந்ததும் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார், மேலாளர் தூங்கிவிட்டார். ஈரத்தரை ஆரம்பித்தது. மணிக்கணக்காக அது ஓடியது. எங்கும் ஒரு காலடிகூட இல்லை. பினாயில் வாசனை வந்தபோது மேலாளர் விழித்து மூக்கைச் சுளித்தார். அப்போது அட்டவணைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சார், புது முனையம் திறந்தப்ப நாம போனோமே. நடைவழியில ஒருத்தங்க நின்னாங்க, நீங்க என்கிட்ட ஒண்ணு கேட்டீங்க" என்றார்.

மேலாளர் யோசித்தார். "நாம போனோமா? நீங்களுமா வந்தீங்க?" என்றார். பிறகு அடுத்த கடலைப் பொட்டலத்தைப் பல்லால் கிழித்தார்.

அட்டவணைக்காரர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இந்த மனிதருடைய ஞாபகத்தில் ஒரு மூலையைக்கூட அது பிடித்திருக்கவில்லை. இவருக்காகத்தான் அத்தனை ஆயிரம் கிலோமீட்டரும்.

நாலு இருபதுக்கு இறங்கினார்கள். கூட்டமாக நடந்து, வரிசையாக நின்று, அந்த நீண்ட நடைவழிக்கு வரும்போது நாலே முக்கால். புகைப்படம் எடுத்து முடித்து, கலைந்து போயிருந்தார்கள். சுவரோரம் ஒரு மேசையில் காலிக் காகிதக் கோப்பைகள் இருந்தன. யாரோ பழரசத்தைத் தரையில் கொட்டியிருந்தார்கள். அக்காவின் வேலைநேரம் ஆறு மணி வரை என்பதால் அவளே அதைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தலை நன்றாக வெளுத்திருந்தது. சீருடையின் பையில் ஒற்றைக் காகிதப்பூவைச் செருகியிருந்தார்கள். நிமிர்ந்தவள் அவரைப் பார்த்தாள். அவருக்கு முன்னால் போனில் பேசியபடி நடந்துபோகும் மேலாளரையும் பார்த்தாள். ஒரு நொடியும் யோசிக்கவில்லை. தலையைக் குனிந்து, மஞ்சள் பலகையை நகர்த்தி, "பாத்துப் போங்க சார், தரை ஈரம்" என்றாள்.

அந்தச் சொல் அவர் நெஞ்சில் இறங்கிய இடம் ஆறு வருடமாகக் காயாமலே இருந்தது. "சார்" என்று மேலாளரைக் கூப்பிட்டார். குரல் தேவைக்கு மேல் பெரிதாக வந்தது. நடைவழியில் போன நாலைந்து பேர் நின்றுவிட்டார்கள். "சார், ஒரு நிமிஷம். இவங்க எங்க அக்கா. என்னை வளர்த்தவங்க. அன்னைக்கு நீங்க கேட்டப்ப தெரியாதுன்னு சொல்லிட்டேன்."

மேலாளர் போனைக் காதிலிருந்து எடுக்காமலே திரும்பிப் பார்த்தார். "அப்படியா, வணக்கம்மா" என்றார். பிறகு போனில், "இல்லய்யா, உன்கிட்ட இல்ல, மேல சொல்லு" என்றபடி திருப்பத்தில் மறைந்தார். நின்றவர்களும் போய்விட்டார்கள். இவ்வளவுதான் ஆனது. கூரை விழவில்லை, யாரும் சிரிக்கவில்லை. இத்தனை மலிவான ஒன்றைக் கொடுக்காமல் வைத்திருந்தோம் என்பது, கொடுக்கும் முன்பு இருந்த வெட்கத்தைவிடப் பெரிய வெட்கமாக இருந்தது. அவர் அக்காவை நோக்கிக் கால் எடுத்துவைத்தார்.

"டேய், அங்கேயே நில்லு. வழுக்கி விழுந்து வைக்காத. காயட்டும்" என்றாள் அக்கா.

அவர் நின்றார். அவளுக்கும் அவருக்கும் நடுவே எட்டடி ஈரம். "எவ்ளோ நேரம் ஆகும், சொல்லு பாப்போம்" என்றாள்.

அவர் தரையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். காற்றாடி இல்லை. "பன்னெண்டு நிமிஷம்."

"கூட்டிச் சொல்றியா?"

"இல்லக்கா."

ஈரத்தின் இந்தக் கரையில் அவரும் அந்தக் கரையில் அவளுமாக நின்று பேசினார்கள். வருகை நேரப் பலகை தன் தலைக்கு மேலேயே தொங்குவதை அக்கா காட்டினாள். செவ்வாய்க்கிழமை நீ போன்ல ஒரு நேரம் சொல்லுவ, புதன்கிழமை அது அங்க மாறியிருக்கும் என்றாள். மூன்றாவது முறையே தெரிந்துவிட்டதாம். "அப்புறம் ஏன்க்கா கேட்டுக்கிட்டே இருந்த?" என்றார். "ஒரு தடவையாச்சும் வரேன்னு சொல்லிருவியோன்னுதான். பெறகு பாத்தேன், பச்சைப் பிள்ளைகளத் தூக்கிக்கிட்டு அவ்வளவு நேரம் உக்காந்து வர்றாங்க, பாவம். அதான் கேக்குறதை விட்டுட்டேன். வந்து இறங்குனவங்க வேற, பினாயில் வாசனை பினாயில் வாசனைன்னு என்னைப் பத்தியே புகார் குடுத்தாங்க" என்று சிரித்தாள். அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. போட்டோவைப் பற்றிக் கேட்டார். அங்கேயே அச்செடுத்துக் கொடுத்திருந்ததை அக்கா பையிலிருந்து எடுத்து, ஈரத்துக்கு மேலாகவே நீட்டிப் பிடித்துக் காட்டினாள். அதில் அவள் நேராக நின்றிருந்தாள். சொந்தக்காரர் நிற்க வேண்டிய இடத்தில் மஞ்சள் பலகை இருந்தது. "பக்கத்துல வெறுமனே இருந்தா நல்லால்லன்னாங்க. இதுதான் இருபத்தாறு வருஷமா கூட நிக்குதுன்னு எடுத்து வச்சேன். எல்லாரும் சிரிச்சுட்டாங்க."

பன்னிரண்டாவது நிமிடம் தரை காய்ந்தது. அவர் நடந்து அந்தப் பக்கம் போனார்.

தூரம் அதனால் ஒரு கிலோமீட்டரும் குறையவில்லை. குறையும் என்று திரும்பி வந்ததும் சில வாரம் காத்திருந்து பார்த்தார்; பிறகு அதை எதிர்பார்ப்பதும் ஒரு வகைச் சாக்கு என்று பட்டதால் விட்டுவிட்டார். மாதத்துக்கு ஒரு முறை காலை ஐந்தரை விமானத்தில் ஏறி, பத்து மணி ஐம்பது நிமிடம் அந்த ஈரத்தரையைப் பார்த்துக்கொண்டே போய் இறங்கி, ஒரு நாள் இருந்து, ஒன்று ஐம்பதில் திரும்பி வந்தார். மனைவியும் சில சமயம் கூடப் போனாள். அக்கா நினைத்தபோது வந்தாள். வந்த முதல் தடவையே சுவரையெல்லாம் தடவிப் பார்த்து, பெயிண்ட் நன்றாகத்தான் அடித்திருக்கிறார்கள் என்றாள். அட்டவணையில் அந்த வழித்தடத்துக்கு மட்டும் இன்றும் இரண்டு எண் அச்சாகிறது, இரண்டிலும் சாக்கு நிமிடம் கிடையாது. ஏன் போக இவ்வளவு நேரம் என்று யாராவது புதிதாக வந்து கேட்டால், அவர் காற்று என்று சொல்வதில்லை. "என்னாலதான் சார்" என்பார். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு, போகும்போது ஜன்னல் ஓர இருக்கை கிடைக்குமா என்று விசாரிப்பார்கள்.